212-ஐக் கழுவிப் பார்த்த வருடம்

மார்ச் 4, திங்கள்

நேற்றோடு கசியூகஸ் திருவிழாச் சந்தை முடிந்தது. நகரமெல்லாம் இன்னும் வைக்கோலும் சுட்ட இறைச்சி வாசனையும்தான். ரிமாஸ் எனக்கு ஓர் இஞ்சி ரொட்டி வாங்கி வந்திருந்தான், இதய வடிவத்தில், காதலியின் பெயரைச் சர்க்கரையால் எழுதித் தருவார்களே, அது. பெயருக்குப் பதில் 212 என்று எழுதச் சொல்லியிருக்கிறான். கடைக்காரி, "யாருப்பா இது, ஜெயில்ல இருக்கிற பொண்ணா?" என்று கேட்டாளாம்.

அவள் கேட்டதில் தப்பில்லை. எட்டு வருடமாக நானும் 212-உம் ஒரே அறையில்தான் அடைந்து கிடக்கிறோம். நான் செய்கிறேன், கீழ்மாடியில் ரிமாஸ் உயிரணுக்களின் மேல் போட்டுச் சோதிக்கிறான்.

இன்று பேராசிரியர் கின்தௌதாஸ் கூப்பிட்டு, மே மாதம் சுவிஸ் மருந்துக் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள், அவர்களுக்கு விளங்குகிற மாதிரி நாலு வரி எழுதிக்கொடு என்றார். எழுதினேன்: புற்றுநோய்க் கட்டிக்குள் ஒரு நொதி இருக்கிறது. அக்கம்பக்கத்துச் சத்தை எல்லாம் அதுவே தின்று தீர்த்துவிடும். கட்டியை அடிக்க வந்த வெள்ளையணுக்கள் பட்டினியில் சுருண்டு படுத்துவிடும். அந்த நொதியின் வாயைப் பூட்டிவிட்டால் போதும், அணுக்கள் எழுந்து தங்கள் வேலையைத் தாங்களே பார்த்துக்கொள்ளும். ஆய்வகத்தில் அந்த நொதிக்குப் பெருந்தீனி என்று பெயர். 212 நான் செய்த வாய்ப்பூட்டு; புத்தகத்தில் தடுப்பான் என்பார்கள்.

சில வருடங்களுக்கு முன் இதே வகையில் வேறொரு மருந்து வெளிநாட்டில் பெரிய சோதனையில் தோற்றது. உலகமே கடையைக் கட்டிக்கொண்டு போனது. நான் கட்டவில்லை. ஆகாது என்று சொன்னவர்கள் கண் முன்னால் ஆக்கிக் காட்டவேண்டும் எனக்கு. அகம்பாவம் என்றால் அகம்பாவம்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.

கம்பெனிக்குப் புதிதாக ஒரு தொகுதி வேண்டுமாம். நாளை அடுப்பை மூட்டவேண்டும்.

மார்ச் 19, செவ்வாய்

புதுத் தொகுதி தயார். இத்தனை சுத்தமாக நான் செய்ததே இல்லை. பழைய 212 எப்போதும் பாலாடை நிறத்தில் இருக்கும், இது பளிச்சென்று வெள்ளை. விருந்தாளிகளுக்காக ஒரு படி கூடுதலாகவே சுத்தம் செய்தேன். ரிமாஸிடம் கொடுக்கும்போது கொஞ்சம் கர்வமாக இருந்தது.

மார்ச் 21, வியாழன்

ரிமாஸ் போன் செய்யாமல் மாடி ஏறி வந்தான். அப்போதே தெரிந்திருக்கவேண்டும்.

"ஜோவிதா, உன் வெள்ளைப் பொடி ஒண்ணும் பண்ணல."

"தட்டை மாத்திப் போட்டிருப்ப."

"மூணு தட்டு போட்டேன். பழசு நல்லா பூட்டுது. புதுசு, கல்யாணத்துக்கு வந்த யாரோ ஒருத்தர் மாதிரி ஓரமா நின்னுட்டுப் போயிடுது."

கத்திவிட்டேன். உன் அணுக்கள் செத்திருக்கும், உன் நொதி கெட்டுப்போயிருக்கும், உனக்குக் கண் தெரியவில்லை — என்னென்னவோ சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "சரி, நாளைக்கும் போடறேன்" என்றான்.

மார்ச் 22, வெள்ளி

அதே.

ஏப்ரல் 1, திங்கள் — கௌனஸ்

ஈஸ்டருக்கு அக்கா வீட்டுக்கு வந்தேன். முட்டை மோதும் விளையாட்டில் என் முட்டைதான் முதலில் உடைந்தது. நியோலே அக்கா சந்தையில் தேன் விற்கிறாள். தேனோடு என் பெருமையையும் சேர்த்து விற்கிறாள் என்று இன்றுதான் தெரிந்தது.

"உன் மருந்து எப்போடி கடைக்கு வரும்?"

"அது மருந்தில்லக்கா. ஆராய்ச்சிக்கு ஒரு பொடி. எலியைத் தாண்டல இன்னும்."

"எலியைத் தாண்ட இவ்வளவு நாளா? பக்கத்துல பாலாடைக்கட்டி விக்கிறாளே ஸ்தாசே, அவ புருஷனுக்கு ஈரல்ல கட்டி. உன் தங்கச்சி என்ன சொன்னான்னு தினம் கேக்கறா."

"நீ என்ன சொல்லி வச்சிருக்க?"

"கண்டுபிடிச்சாச்சு, பாட்டில்ல அடைக்கறதுதான் பாக்கின்னு."

இரண்டு துண்டு கேக் என் தட்டில் இருந்தது. இரண்டையும் அவள் தட்டுக்குத் தள்ளிவிட்டேன்.

ஏப்ரல் 9, செவ்வாய்

கருவிகள் எல்லாம் பழசும் புதுசும் ஒரே மூலக்கூறு என்கின்றன. பிறகு ஏன் ஒன்று பூட்டுகிறது, ஒன்று சும்மா இருக்கிறது? பழசில் இருந்து புதுசில் இல்லாதது எது? அழுக்கு. அழுக்கு மட்டும்தான்.

212-இன் இரண்டு பாதிகளையும் கடைசியில் ஒட்டவைப்பது பல்லேடியம் என்ற உலோகம். ஒட்டவைத்துவிட்டு அது விலகிவிடவேண்டும். முழுக்க விலகாது, துளி ஒட்டிக்கொண்டே வரும், அது எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் வழக்கமாக வடிகட்டுவதுபோல்தான் நானும் எட்டு வருடமாக வடிகட்டினேன். இந்தத் தடவை மட்டும் விருந்தாளிகளுக்காகக் கந்தகம் ஏற்றிய பிசின் மணிகளோடு சேர்த்துக் குலுக்கினேன். அந்த மணிகள் உலோகத்தை உறிஞ்சி எடுத்துவிடும்.

ரிமாஸுக்கும் அதே எண்ணம்தான். சுருக்கமாகச் சொன்னான்: "பழசையும் கழுவு."

கழுவவில்லை. கண்ணாடிச் சாமான்களைத் தேய்த்தேன், அலமாரியை ஒழுங்குபடுத்தினேன், ஜன்னல் துடைத்தேன். எனக்கு என்ன பயம்? எழுதிவிடுகிறேன்: கழுவினால் செத்துவிடும் என்று பயம்.

ஏப்ரல் 12, வெள்ளி

கழுவினேன். செத்துவிட்டது.

அப்புறம் ரிமாஸ் இன்னொன்று செய்தான். என் பொடியே இல்லாமல், வெறும் பல்லேடியம் உப்பை மட்டும், பழைய தொகுதியில் எவ்வளவு இருந்ததோ அதே அளவு போட்டான். பெருந்தீனி வாயை மூடிக்கொண்டது. பழைய 212 மூடிய அதே அளவுக்கு, நூல் பிசகாமல்.

எட்டு வருஷமா பூட்டினது நான் இல்ல. என் மூலக்கூறு இல்ல. கூட ஒட்டிக்கிட்டு வந்த உலோகத் தூசி. அது எந்த நொதியைக் குடுத்தாலும் மூடும், நல்லது கெட்டது பாக்காது. எலிக்குக் கட்டி கொஞ்சம் சுருங்கிச்சே, அதுவும் மருந்தில்ல, விஷம். எலியும்தானே இளைச்சது. எப்படிப் பாக்காம விட்டோம்?

ரிமாஸ் சுவரில் மாட்டியிருந்த இஞ்சி ரொட்டியை எடுத்து மேசை விளிம்பில் வைத்து உடைத்தான். 21 அவனுக்கு, 2 எனக்கு. கல் மாதிரி இருந்தது. மென்று தின்றோம்.

ஏப்ரல் 15, திங்கள்

பேராசிரியரிடம் வரைபடங்களைக் கொண்டுபோனேன். கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார்.

"பழைய பொடி வேலை செய்யுதில்ல? அதைக் காட்டுவோம்."

"அதுல வேலை செய்யறது பல்லேடியம், ப்ரொபசர்."

"அப்படின்னு நீ சந்தேகப்படற."

"சந்தேகம் இல்ல. கழுவிப் பாத்துட்டோம்."

"ஜோவிதா, இந்த மாடில பன்னெண்டு பேர் இருக்காங்க. கம்பெனி கையெழுத்துப் போட்டா எல்லாருக்கும் ரெண்டு வருஷம் அடுப்பு எரியும். அவங்ககிட்டயும் வேதியியல் படிச்சவங்க இருக்காங்க, அவங்களே கண்டுபிடிச்சுக்கட்டும். அதுக்குள்ள நாம வேற ஏதாவது செஞ்சிருப்போம்."

"அந்த ரெண்டு வருஷமும் நிஜமான ஒரு பொடிக்குப் போகவேண்டிய வருஷம். நான் கூட்டத்துல சொல்லுவேன்."

"நீ சொல்ல மாட்ட. பேசறது நான். நீ உக்காந்து காபி குடி."

கெட்ட மனுஷர் இல்லை. பன்னிரண்டு பேரைப் பற்றி அவர் சொன்னது பொய்யும் இல்லை, அதுதான் எனக்கு எரிகிறது. அந்தப் பன்னிரண்டில் நானும் ஒருத்தி. அக்காவின் சந்தையில் பாலாடைக்கட்டி விற்கிறவள் எந்தக் கணக்கில் வருகிறாள்?

ஏப்ரல் 16, செவ்வாய்

எனக்குக் காபி பிடிக்காது. பத்தொன்பது வருடமாக அவர் எதிரில் டீதான் குடிக்கிறேன்.

மே 16, வியாழன்

கம்பெனியிலிருந்து மூன்று பேர். தலைவி உர்சினா, நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள், அதிகம் சிரிக்காதவள். பேராசிரியர் அழகாகப் பேசினார். பழைய வரைபடங்கள், பழைய எலிகள். பொய் என்று ஒரு வாக்கியத்தைக்கூடச் சுட்டமுடியாது, அவ்வளவு பக்குவம். கேள்வி உண்டா என்று கேட்டுவிட்டு மதியச் சாப்பாட்டைப் பற்றி ஆரம்பித்தார். எழுந்து நின்றேன்.

"இன்னும் ஒரு படம் பாக்கி இருக்கு, ப்ரொபசர்."

"அது அப்புறம்."

"இப்பவே. ஒரே ஒரு படம்தான்."

என் கணினியைத் திறந்தேன். ரிமாஸ் வந்து திரைக்குப் போகிற கம்பியை அதில் செருகினான். இரண்டு கோடுகள் — கழுவாத 212, வெறும் பல்லேடியம். ஒன்றன் மேல் ஒன்று படுத்திருந்தன.

உர்சினா முன்னால் சாய்ந்து பார்த்தாள். "கழுவின 212 எங்க?"

"அதோ, அடியில. தரையோட தரையா."

"இதை யார் செஞ்சது?"

"212-ஐயும் நான்தான் செஞ்சேன். இதையும் நாங்கதான் செஞ்சோம்."

அவள் தன் குறிப்பேட்டை மூடினாள். நன்றி என்றாள். அத்தனைதான், இரண்டு வருட அடுப்பு அணைந்துவிட்டது. சாப்பாட்டில் குளிர்ந்த பீட்ரூட் சூப். பேராசிரியர் கிண்ணத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மாடிக்காரர்கள் யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை. நான் வேண்டுமென்றே இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன்.

பிறகு கழிவறையில் போய் அழுதேன். எழுதிவைக்கிறேன், பின்னால் நானே இல்லையென்று சொல்லக்கூடாது. அழுதது 212-க்காக. செய்ததற்காக இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டாலும் எழுந்து நிற்பேன்.

ஜூன் 3, திங்கள்

என் மேசையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். இனி எனக்கு நிலத்தடித் தளம், முதலாண்டு மாணவர்களின் செய்முறைக் கூடம். ஜன்னல் வழியே போகிறவர்களின் கணுக்கால் மட்டும் தெரிகிறது. பேராசிரியர் நேரில் சொல்லவில்லை, காரியதரிசியிடம் சொல்லி அனுப்பினார். போகட்டும். இங்கேயும் புகைபோக்கி இருக்கிறது, தண்ணீர்க் குழாய் இருக்கிறது. வேறென்ன வேண்டும் எனக்கு?

ஜூன் 24, திங்கள் — கௌனஸ்

யோனினேஸ், நடுக்கோடைத் திருநாள். நேற்று ஆற்றங்கரையில் தீ மூட்டியிருந்தார்கள், ஊர் முழுக்க ஓக் இலைக் கிரீடம். அங்கேதான் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டுக் குச்சியால் கரியைக் கிளறினாள்.

"ஸ்தாசேகிட்ட நானே சொல்லட்டுமா அக்கா?"

"வேண்டாம். போன மாசத்திலேர்ந்து அவ கேக்கறதை நிறுத்திட்டா."

ஏன் என்று நான் கேட்கவில்லை. அக்கா தலையில் இருந்த கிரீடத்தைக் கழற்றித் தீயில் போட்டாள்.

செப்டம்பர் 10, செவ்வாய்

கட்டுரை முடிந்தது. தலைப்பிலேயே வைத்துவிட்டேன்: 212 தடுப்பான் அல்ல. கழுவும் முறை, கழுவாமல் விட்டால் என்ன ஆகும், எல்லாம் இருக்கிறது. தோல்வியைப் போட இதழ்களுக்கு மனம் வராது, இரண்டு இதழ்கள் திருப்பி அனுப்பிவிட்டன. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கிற தளத்தில் ஏற்றப்போகிறேன். பேராசிரியர் தன் பெயர் வேண்டாமென்று காரியதரிசி மூலம் சொல்லிவிட்டார்.

"உன் பேரும் வேண்டாம் ரிமாஸ். உனக்கு இன்னும் மேல ஜன்னல் இருக்கு."

"என் பேரைப் போடு. கணுக்கால் பாக்கற ஜன்னல் உனக்கு மட்டும்தானா?"

போட்டேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

பொட்டலங்கள் வருகின்றன. முதலில் ஸாக்ரெபிலிருந்து ஒருத்தி, தன் தடுப்பானைக் கழுவிப் பார்க்கமுடியுமா என்று கேட்டு அனுப்பினாள். பிறகு ப்ராக். போன வாரம் உர்சினா, ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல் ஐந்து குப்பிகள். இரண்டு செத்தன, மூன்று பிழைத்தன. பிழைத்த மூன்றைப் பற்றி அவளுக்கு எழுதும்போது, என்னுடையவைபோல் சந்தோஷமாக இருந்தது. ரிமாஸ் என் கதவில் சலவைக்கடை என்று பலகை மாட்டிவிட்டான். மாணவர்கள் சட்டை கொண்டுவந்து கேலி செய்கிறார்கள்.

இதற்கிடையில் நானும் சும்மா இல்லை. பல்லேடியம் படாமல் வேறு வழியில் புது மூலக்கூறு ஒன்றை ஒட்டியிருக்கிறேன், எண் 240. பழைய 212 காட்டியதில் நாற்பதில் ஒரு பங்கு பலம்தான். கழுவினேன். போகவில்லை. மறுபடி கழுவினேன். அப்படியே நிற்கிறது. மெலிந்த பூட்டுதான், ஆனால் பூட்டு. பெருந்தீனி, உன்னை நான் இன்னும் விடவில்லை.

நவம்பர் 14, வியாழன்

மதியம் மாணவர்கள் போனபிறகு பேராசிரியர் வந்தார். மே மாதத்துக்குப் பிறகு இன்றுதான் நேருக்கு நேர். கதவுப் பலகையைப் படித்துவிட்டு, மாணவர்களின் முக்காலியில் உட்கார்ந்தார். கோட்டுப் பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்து மேசையில் வைத்தார்.

லேபிளில் 17 என்று இருந்தது. அதை இந்தக் கட்டடத்தில் தெரியாதவர் யார்? அவருக்குப் பேராசிரியர் பதவி தந்த தடுப்பான். நான் மாணவியாகப் பாடப்புத்தகத்தில் படித்தது.

"இதையும் பல்லேடியம் வச்சுத்தான் ஒட்டினேன்" என்றார். "கழுவினதில்ல. அந்தக் காலத்துல யாரும் கழுவல."

"மேல கொடுத்திருக்கலாமே, ப்ரொபசர்."

"கொடுத்தா எனக்குப் பிடிச்ச பதிலா வரும்."

"என்ன வந்தாலும் எழுதுவேன். தலைப்புலயே எழுதுவேன்."

"தெரியும். அதுக்குத்தான் படி இறங்கி வந்தேன்."

நான் தராசைத் துடைத்து, பிசின் மணிகளை எடுத்துவைத்தேன். அவர் எழுந்துபோவார் என்று பார்த்தேன். போகவில்லை.

"கழுவும்போது பக்கத்துல நிக்கலாமா?"

ஆணியில் தொங்கிய மாணவர் கோட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அவருக்குச் சின்னது, பொத்தான் எட்டவில்லை.