சித்திரை மாசத்துப் படம்

இன்று காலை மயிலாடுதுறை நகரமைப்பு அலுவலகத்தின் படியேறும்போதே அந்த அம்மோனியா நெடி மூக்கில் ஏறியது. வரைபடத்தை நகலெடுக்கும் இயந்திரம் விடுகிற நெடி. அது உங்களுக்குப் பிடிக்காது. "எங்க மாட்டுக் கொட்டாயே தேவல சாரு" என்று சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு, இதே ஊர் மாயவரமாக இருந்த காலத்தில், என் மேசை முன்னால் வந்து நின்றீர்கள்.

நகரத்தையும் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்து ஒரு புதிய வட்டாரத் திட்டம் போட்டிருக்கிறார்கள். படத்தைச் சுவரில் மாட்டி, ஆட்சேபணை உள்ளவர்கள் எழுதித் தரலாம் என்று அறிவித்திருக்கிறார்கள். மேசைக்கு அந்தப் பக்கமே உட்கார்ந்து பழகிய நான் இன்று இந்தப் பக்கம் நின்றேன். படத்தில் முதலில் தேடியது உங்கள் வாய்க்காலைத்தான். இருந்தது. மெல்லிய நீலக் கோடாக, வளைந்து, உங்கள் தெருவைத் தொட்டுக்கொண்டு கிழக்கே போனது.

அந்தக் கோட்டை ஒருமுறை அழித்தவன் நான்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. உங்களுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். சென்னையில் நகரமைப்புப் படித்துவிட்டு, இந்த ஊரின் வரைவுத் திட்டத்தைத் தயாரிக்க வந்திருந்தேன். அளவை வேலை எப்போதும் கோடையில்தான் நடக்கும். சேற்றில் நிலம் அளக்கும் சங்கிலியை இழுக்க முடியாது. ஆற்றில் தண்ணீர் வரத்து நின்று, வயல்கள் வெடித்துக் கிடந்த சித்திரையில் நான் ஊர் முழுக்க நடந்தேன். நகரத்தின் கிழக்கு ஓரத்தில் அகலமாக ஒரு வண்டிப்பாதை கிடந்தது. மாட்டு வண்டிகள் போயின, சைக்கிள்கள் போயின, பிள்ளைகள் கிட்டிப்புள் ஆடினார்கள். பாதை என்றே குறித்துக்கொண்டேன். புதிய பேருந்து நிலையத்துக்கு அறுபதடிச் சாலை வேண்டும் என்று மேலதிகாரி கேட்டபோது, அந்தப் பாதையின் மேலேயே அழகாக இரண்டு கோடு இழுத்துக் கொடுத்தேன். நானும் கும்பகோணத்துக்காரன்தான். வாய்க்கால் கோடையில் வண்டிப்பாதையாகிவிடும் என்று தெரியாதவன் இல்லை. படிப்பு அதைத் தற்காலிகமாக மறக்க வைத்திருந்தது.

செய்தித்தாளின் ஒரு மூலையில் வந்த அரசு அறிவிப்பை, வடை மடித்த காகிதத்தில் பார்த்து டீக்கடைக்காரர் உங்களுக்கு வாசித்துக் காட்டினாராம். கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்னால் வந்து சேர்ந்தீர்கள்.

"என்னம்மா, என்ன வேணும்?" என்றேன், தலை நிமிராமல்.

"வாங்கன்னு சொன்னா பேனாவுல மை தீந்துடுமா சாரு?"

நிமிர்ந்தேன். நடவு வயலிலிருந்து நேராக வந்திருந்தீர்கள். முழங்கால் வரை சேறு காய்ந்து வெளுத்திருந்தது. நாற்காலி காலியாகத்தான் இருந்தது. உட்காரச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. நீங்களே இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள். கோப்புகளுக்கு நடுவே இருந்த எழுத்தர் இருமினார்.

கூலி நெல் கூடுதலாகக் கேட்டதற்காகப் பண்ணை மனையிலிருந்து வெளியேற்றப்பட்ட முப்பது குடும்பங்கள் வாய்க்கால் கரையில் குடிசை போட்டிருந்த கதையை அன்றுதான் உங்கள் வாயால் கேட்டேன். அதற்குள் குடியிருப்பவருக்கே மனை என்று சட்டம் வந்திருந்தது. ஆனாலும் கையில் பட்டா வரவில்லை. "மொதல்ல பண்ணைக்காரரு வெரட்டினாரு. இப்ப ஒங்க படம் வெரட்டுது. பண்ணைக்காரரயாவது நேருல நின்னு ஏசலாம். படத்த எங்க போயி ஏசறது?" என்றீர்கள்.

உங்களை யாரும் வெளியேற்றப் போவதில்லை, சாலை வந்தால் வசதிதானே என்று படத்தை விரித்துக் காட்டினேன். என் விரல் போன வழியே உங்கள் கண் போனது. நிறைய நேரம் பார்த்தீர்கள். பிறகு கேட்டீர்கள்:

"இது எந்த மாசத்துப் படம் சாரு?"

படத்துக்கு மாதம் உண்டு என்று எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அளவு உண்டு, திசை உண்டு, எண் உண்டு. "சித்திரையில அளந்தது" என்றேன்.

"அதான பாத்தேன். இப்ப ஆனி கடைசி. வாங்க, ஒரு நடை போயிட்டு வந்துடலாம்."

ஏன் எழுந்து வந்தேன் என்று இன்றும் தெரியவில்லை. எழுத்தர் முன்னால் ஒரு பெண் என்னை மடக்கிவிட்டாள் என்ற எரிச்சலாகத்தான் இருக்கும். தவறு உங்களுடையது என்று காட்டிவிட்டுத் திரும்பலாம் என்று நினைத்தேன்.

மேட்டூர் அணையில் திறந்த தண்ணீர் அதற்கு முந்தின வாரம்தான் கடைமடையான இந்தப் பக்கத்துக்கு வந்திருந்தது. நான் கோடு இழுத்த இடத்தில் செந்நிறத் தண்ணீர் நுரை தள்ளிக்கொண்டு போனது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினீர்கள். இடுப்பளவு தண்ணீரில் நட்டநடுவே நின்றுகொண்டு கையைக் குவித்துக் கூவினீர்கள்:

"ஒங்க ரோட்டுலதான் நிக்கிறேன் சாரு! பஸ்ஸு வருதான்னு பாத்துச் சொல்லுங்க!"

கரையில் நின்ற பெண்கள் சிரித்த சிரிப்பு! ஒருத்தி, "மாயவரம் டிக்கெட்டு ஒண்ணு குடுங்க" என்றாள். எனக்கு முகம் எரிந்தது. சிரிப்பு அடங்கியதும் கரையேறி வந்து, குடிசைகளைக் காட்டி, குரலைத் தாழ்த்திச் சொன்னீர்கள். "இது தூந்துடுச்சுன்னா ஐப்பசி மழையில டவுன் தண்ணி பூரா எங்க வீட்டுக்குள்ளதான் சாரு வரும். அதுக்கு வேற வழி கெடையாது." வீடுகள் வாய்க்காலின் கரை மட்டத்தைவிடத் தாழ்வாக இருந்தன. ஒரு வாசலில் குழந்தை ஒன்று தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. உங்கள் மகள் என்று பிறகு தெரிந்தது.

ஆட்சேபணை எழுத்தில் இருக்க வேண்டும் என்றேன். எழுதத் தெரிந்தவர் உங்களில் யாரும் இல்லை. என் படத்துக்கு எதிரான மனுவை நானே எழுத உட்கார்ந்தேன். 'மேற்படி நிலமானது பருவகால நீர்வழியாக இருப்பதால்' என்று தொடங்கியதும் என் கையைத் தடுத்தீர்கள்.

"அது யாரு பேசறது? நான் சொன்னத எழுதுங்க. 'இது சித்திரை மாசத்துப் படம்'னு போடுங்க."

அதையே முதல் வரியாகப் போட்டேன். கீழே முப்பது பெருவிரல்கள் ஊதா மையில் வரிசையாகப் பதிந்தன.

விசாரணை நாளில் மேலதிகாரி அந்த வரியை உரக்கப் படித்துவிட்டுச் சிரித்தார். "படத்துல சித்திரை என்ன, பங்குனி என்ன?" என்றார். நீங்கள் கதவோரம் நின்றிருந்தீர்கள். அவர் என்னைப் பார்த்து, "நீ சொல்லுய்யா. இது ரோடா, வாய்க்காலா?" என்று கேட்டார். ரோடு என்று சொல்ல வேண்டும் என்பது அவர் குரலிலேயே இருந்தது.

"வாய்க்கால் சார். நான்தான் தப்பாப் போட்டுட்டேன்" என்றேன்.

சாலை வடக்கே நகர்ந்தது. வாய்க்கால் பிழைத்தது. நான் மூன்றாம் மாதம் ராமநாதபுரத்துக்கு மாற்றப்பட்டேன். "படிச்சவன் சபையில தப்ப ஒத்துக்கிட்டா ஆபீஸ் மானம் போயிடும்" என்று மேலதிகாரி வழியனுப்பும்போது சொன்னார். அந்த வாசகத்தை நான் மன்னிக்கவில்லை. எனக்கு வர வேண்டிய பதவி உயர்வு என்னிடம் வேலை கற்றவனுக்குப் போனதையும் மன்னிக்கவில்லை. பேருந்து நிலையத் திறப்பு விழாவில் நகராட்சித் தலைவர், வாய்க்காலைக் காப்பாற்றியதே தான்தான் என்று முழங்கி மாலை வாங்கிக்கொண்டார். விடுப்பில் வந்து கூட்டத்தில் நின்ற எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. பக்கத்தில் நின்ற நீங்கள் வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தீர்கள். "பேசட்டும் சாரு. தண்ணியில நின்னது யாருன்னு மைக்குக்குத் தெரியுமா?" என்று எனக்கும் ஒரு கை கொடுத்தீர்கள்.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். சில ஆண்டுகள் உங்கள் மேலும் கசப்பு வைத்திருந்தேன். அந்த நாற்காலியில் நீங்கள் உட்காராமல் இருந்திருந்தால் நான் இந்நேரம் எங்கேயோ இருந்திருப்பேன் என்று ராமநாதபுரத்து வெயிலில் எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். உண்மையிலேயே எங்கேயோதான் இருந்திருப்பேன். பிழையான படங்களுக்குக் கீழே பெரிய கையெழுத்துப் போட்டுக்கொண்டு. அதன் பிறகு நான் வரைந்த ஒவ்வொரு படத்தின் மூலையிலும் அளந்த மாதத்தைக் குறித்தேன். மழைக்காலத்தில் இன்னொரு முறை போய்ப் பார்க்காமல் எதையும் முடித்ததில்லை. அங்கே குடியிருப்பவர்களைக் கேட்காமல் ஒரு கோடும் போட்டதில்லை. இதற்காக என்னைக் கேலி செய்தார்கள், தாமதக்காரன் என்றார்கள். ஆனால் என் படங்களை நம்பி வீடு கட்டிய யாரும் தண்ணீரில் நின்றதில்லை. இந்த வேலையில் எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை அது. நீங்கள் தந்தது.

நீலக் கோட்டைப் பார்த்த மகிழ்ச்சியில், உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று அலுவலகத்திலிருந்து நேராக உங்கள் தெருவுக்கு நடந்தேன். ஓட்டு வீடுகளும் மாடி வீடுகளுமாக இருந்தது. உங்கள் மகள் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டு மறுபடி பள்ளிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார், ஆசிரியையாம். நான் யார் என்று சொன்னதும் கைப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"அம்மா தையில போயிட்டாங்க சார். ஒங்களுக்கு எங்க தகவல் சொல்றதுன்னு எங்களுக்குத் தெரியல." பிறகு சொன்னார்: "ஒங்களப் பத்திப் பேசாத மழைக்காலமே கெடையாது. பேரு சொல்ல மாட்டாங்க. 'தப்ப ஒத்துக்கிட்ட சாரு'ம்பாங்க."

என் பெயருக்குப் பின்னால் எந்தப் பட்டமும் இவ்வளவு பொருத்தமாக ஒட்டியதில்லை. வாய்க்கால் கரைக்கு நடந்தேன். இப்போதும் சித்திரைதான். பாதை போலக் காய்ந்து கிடந்தது. ஒரு பால்காரர் சைக்கிளில் அதன் வழியே போனார்.

திரும்ப அந்த அலுவலகத்துக்கே போனேன். காலையில் கண்ணில் பட்டும் பேசாமல் வந்த ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. புதிய படத்தில், நகரத்துக்குத் தெற்கே மழைநீர் வந்து தங்கும் பள்ளம் முழுவதையும் 'காலி நிலம், குடியிருப்புக்கு ஏற்றது' என்று மஞ்சள் பூசியிருக்கிறார்கள்.

"என்ன வேணும்?" என்றார் எழுத்தர், தலை நிமிராமல்.

"வாங்கன்னு சொன்னா பேனாவுல மை தீந்துடுமா?" என்றேன். அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். நாற்காலியை நானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஆட்சேபணைப் படிவத்தை வாங்கி, முதல் வரியை எழுதிக் கொடுத்தேன்.

அவர் அதை இரண்டு முறை படித்தார். "இது சித்திரை மாசத்துப் படம்... இதுக்கு என்ன சார் அர்த்தம்?"

"ஐப்பசியில என்கூட ஒரு நடை வாங்க," என்றேன். "தண்ணியில நின்னு காட்டுறேன்."