சிவப்புத் துணியை அவிழ்த்தவன்

பாய்,

இன்று காலை மயிலாப்பூரில், கச்சேரி ரோட்டோரம் மோட்டாரை நிறுத்திவிட்டு நின்றிருந்தேன். தீபாவளி முடிந்து இரண்டு நாள் ஆகிறது. ஒரு வீட்டு வாசலில், வெடிக்காமல் போன பட்டாசுகளை வாளித் தண்ணீரில் போட்டு ஊற வைத்திருந்தார்கள். கரியும் கந்தகமுமாக அந்த ஈர மருந்தின் வாடை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. என்னை நினைக்க உனக்கு ஒரு அத்தர் வாசனை கிடைக்கவில்லையா, அழுகின முட்டை நாற்றம்தான் கிடைத்ததா என்று நீ கேட்பாய். எனக்கு இதுதான் கிடைத்தது. உட்கார்ந்து எழுதுகிறேன்.

கோட்டூரில், அடையாற்றங்கரையில் வக்கீல் ஐயாவின் தோட்ட வீடு. நான் மோட்டார் ஓட்டினேன், நீ தோட்டத்தையும் துப்பாக்கியையும் பார்த்துக்கொண்டாய். இரண்டு பேருக்கும் ஒரே வயது, ஆனால் பொறுமை முழுவதையும் உனக்குக் கொடுத்துவிட்டு எனக்கு வாயை மட்டும் கொடுத்திருந்தான் ஆண்டவன். அந்தத் துப்பாக்கியோ பழைய கேப்புத் துப்பாக்கி. குழாய் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை அடைத்து, ஈய ரவையைப் போட்டு, மறுபடி நாரை வைத்து இடிகம்பியால் கெட்டிக்க வேண்டும். பின்பக்கத்தில் சின்ன மூக்கு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதில் பொறி கக்கும் செம்புக் கேப்பை மாட்டி, சுத்தியல் மாதிரியான குதிரையைத் தூக்கி, விசையை இழுத்தால் குதிரை கேப்பில் இறங்கும், துப்பாக்கி வெடிக்கும். மாம்பழக் காலத்தில் வௌவாலுக்கும், மற்ற நாளில் நரிக்கும் அதுதான்.

நீ அதை வைத்திருந்த விதத்தை நான் எத்தனை கேலி செய்திருக்கிறேன். கெட்டித்த துப்பாக்கியை நீ ஒருநாளும் படுக்கப் போட்டதில்லை. உன் அறை மூலையில் வாய் மேலே பார்க்க நிற்கும். மருந்து மரப்பெட்டியில், அடுப்புக்கும் பீடிக்கும் எட்டாத இடத்தில். கேப்புகள் ஒரு தகர டப்பியில், உன் பெல்ட்டில். "கேப்பு என் இடுப்புல, மருந்து பொட்டியில, துப்பாக்கி மூலையில. மூணும் ஒண்ணா சேர்ந்தா அங்க நான் இருக்கணும் நைனா" என்பாய். இடிகம்பியில் இரண்டு கோடு கீறி வைத்திருந்தாய். கம்பியைக் குழாய்க்குள் விடும்போது கீழ்க்கோடு வாயோடு நின்றால் கெட்டித்திருக்கிறது, மேல்கோடு நின்றால் காலி. கண்ணால் பார்த்தோ கையால் தூக்கியோ நீ எதையும் நம்பியதில்லை.

கேப்பு மாட்டிச் சுட்டும் வெடிக்காமல் போனால், குழாயை ஆற்றுப் பக்கம் திருப்பியபடி மெதுவாக நூறு எண்ணுவாய். உள்ளே கனல் தூங்கிக்கொண்டிருக்கும் என்பாய். நான் பக்கத்தில் நின்று "நூத்தியொண்ணு ரூபாய் மொய்யா எழுதப் போறே?" என்று கேட்டால், எண்ணி முடித்த பிறகுதான் என்னைத் திட்டுவாய்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்தச் சிவப்புத் துணி. கெட்டித்ததும் விசையைச் சுற்றிப் பழைய சிவப்புத் துணி ஒன்றை இறுக்கிக் கட்டுவாய். துணி இருந்தால் உள்ளே மருந்து இருக்கிறது என்று அர்த்தம். காலையில் ஆற்றங்கரைச் சேற்றில் சுட்டுக் காலி செய்யும்போதுதான் அவிழ்ப்பாய். துப்பாக்கிக்குக் கோவணம் கட்டுகிற ஆள் நீ ஒருத்தன்தான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். ஆகவே அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியாது என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது.

அந்த வருஷம் ஆயுத பூஜை வெள்ளிக்கிழமையில் வந்தது. நாலைந்து நாளாக ஒரு வெறிநாய் தோட்டத்துப் பக்கம் திரிந்ததால் துப்பாக்கியைக் கெட்டித்து வைத்திருந்தாய். காலையில் சுட்டுக் காலி செய்யப் போனபோது எஜமானி அம்மா தடுத்துவிட்டார். "பாய், சத்தம் வேண்டாம், குழந்தை இப்பதான் கண்ணசந்திருக்கு." பிரசவத்துக்கு வந்திருந்த மகளுக்குப் பிள்ளை பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நீ துணியை அவிழ்க்காமல் மூலையிலேயே நிறுத்திவிட்டுத் தொழுகைக்கு மயிலாப்பூர் கிளம்பினாய். பள்ளிவாசலுக்குப் போகும்போது பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போவது உன் வழக்கம். அறைக்குப் பூட்டு கிடையாது.

வண்டிக் கொட்டகையில் பூஜை. மோட்டாரை நான் பளபளவென்று துடைத்து வைத்திருந்தேன். மண்வெட்டி, கடப்பாரை, அரிவாள், அம்மாவின் அரிவாள்மணை எல்லாம் வரிசையாக வந்துவிட்டன. துப்பாக்கி இல்லாமல் வரிசை மூளியாகத் தெரிந்தது. உன் அறைக்குப் போய் எடுத்து வந்தேன். பூஜைக்கு வைக்கிற சாமானில் அழுக்குத் துணியா என்று அவிழ்த்துத் துவைக்கிற கூடையில் எறிந்தேன். குழாய்க்கு எண்ணெய் பூசினேன். அந்த மூக்கு மொட்டையாகத் தெரிந்தது. சாமி முன்னால் வைக்கிற கருவி குறையாக இருக்கலாமா? உன் டப்பியைத் திறந்து ஒரு புதுக் கேப்பை எடுத்து மாட்டினேன். மாட்டுவதற்காகத் தூக்கிய குதிரை, தலை நிமிர்ந்து நிற்பது அழகாக இருக்கவே அப்படியே விட்டுவிட்டேன். மோட்டாரின் மட்கார்டில் சாய்த்து, சாமந்தி மாலை ஒன்றைச் சுற்றிவிட்டேன். தள்ளி நின்று பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது.

ராகுகாலம் கழிந்து, நைவேத்தியம் தயாராகி, பூஜை தொடங்க மணி இரண்டாகிவிட்டது. ஐயா, பிள்ளைகள், குழந்தையை ஏந்திய மகள் எல்லோரும் நின்றார்கள். அம்மா சந்தனக் கிண்ணத்தோடு ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்து, துப்பாக்கியின் வாய்க்குப் பொட்டு வைக்கக் குனிந்தார். அப்போதுதான் நீ கொட்டகை வாசலில் வந்து நின்றாய்.

நான் உன் முகத்தைப் பார்த்தேன். நானாக இருந்தால் கத்தியிருப்பேன். கத்தியிருந்தால் அம்மா திடுக்கிட்டுக் கையை எதன்மேல் வைத்திருப்பாரோ. நீ என்னவோ கறிகாய் விலை சொல்கிற குரலில் சொன்னாய்: "அம்மா, காலாண்ட எறும்பு கீது பாருங்க."

அம்மா காலைப் பார்த்துக்கொண்டே பின்னால் நகர்ந்தார். நீ குழாய்க்கு நேரே வராமல் சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் வந்தாய். நின்ற குதிரைக்கும் கேப்புக்கும் நடுவில் உன் இடது கட்டைவிரலை நுழைத்தாய். மறு கையால் மாலையை எடுக்கும்போது நார் விசையில் மாட்டி இழுத்தது. குதிரை இறங்கியது. சத்தம் எதுவும் வரவில்லை, உன் நகம் பிளந்த சத்தத்தைத் தவிர. நீ விரலை எடுக்காமலே குதிரையை மறுபடி தூக்கி, கேப்பைக் கழற்றி, எச்சிலில் நனையட்டும் என்று உன் வாய்க்குள் ஒதுக்கிக்கொண்டாய். பிறகு இடிகம்பியை உள்ளே விட்டுப் பார்த்தாய். கீழ்க்கோடு நின்றது.

"அம்மா, ஒரு சொம்பு தண்ணி ஊத்தணும் இதுக்கு. பூஜைக்கு வச்சதை வெளிய எடுத்தா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும். இங்கயே அபிசேகமா ஊத்திடுறேன்."

அம்மா கலசத்து நீரையே எடுத்துக் கொடுத்தார். கேப்பு மாட்டுகிற துளை வழியாகச் சொட்டுச் சொட்டாகவும் வாய் வழியாகவும் விட்டு, கறுப்புத் தண்ணீர் வழிகிறவரை ஊற்றினாய். அந்த வாடைதான் இன்று காலை எனக்கு வந்தது. அதன்பிறகு பூஜை நடந்தது. உன் கையிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

ஐயா கேட்டார், "யார் வேலை இது?"

"கெட்டிச்ச துப்பாக்கியையும் கேப்பையும் ஒரே ரூம்ல வுட்டுட்டுப் பூட்டாம போனேன். என் தப்பு ஐயா" என்றாய். நான் உன் பின்னால் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. ஊரெல்லாம் பேசுகிற வாய்.

மறுவாரமே ஐயா துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்துவிட்டார். கையில் கழியோடு நீ ஒரு வருஷம் தோட்டம் பார்த்தாய், பிறகு மரக்கடைக் காவலுக்குப் போய்விட்டாய். எத்தனையோ வருஷம் ஒரு சின்னப் பிசகும் இல்லாத உனக்கு, அந்த வீட்டில் நின்ற பெயர் கவனமில்லாத பாய் என்பதுதான். பிள்ளைகள் கதவைத் தாழிட மறந்தால்கூட அம்மா உன் பெயரைச் சொல்லித்தான் எச்சரிப்பார். அதைக் கேட்டுக்கொண்டேதான் நான் அந்த வீட்டு வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

பூஜை அன்று சாயங்காலம் ஆற்றங்கரையில் உன் விரலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே, ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்டேன். நீ என்னைத் திட்டக்கூட இல்லை. "நான் பண்ணது பாதி, நீ பண்ணது பாதி. என் பாதியைச் சொல்லிட்டேன். உன் பாதியை நான் எப்டி சொல்றது? அது உன்னுது" என்றாய். அதற்குப் பிறகு பதினொரு வருஷம் நாம் சேர்ந்து டீ குடித்திருக்கிறோம், உன் மகள் நிக்காஹ்வுக்கு நான் வண்டி ஓட்டியிருக்கிறேன். ஒரு தடவைகூட நீ அதைக் கேட்டதில்லை. நீ மறந்துவிட்டாய் என்று நான் வசதியாக நினைத்துக்கொண்டேன்.

நீ மறைந்த நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதலுக்கு ராயப்பேட்டை வீட்டுக்கு வந்திருந்தேன். வந்தவர்களில் ஒருவர், பாய் ஜாக்கிரதையான ஆள், என்னவோ ஒரே ஒரு தடவை அசந்துட்டாராம் என்று சொன்னார். சோற்றிலிருந்து கையை எடுத்தேன். எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். துணியை அவிழ்த்தது நான், கேப்பை மாட்டியது நான், குதிரையைத் தூக்கி வைத்தது நான். திரைக்குப் பின்னாலிருந்து உன் மனைவி பேசினார்.

"தெரியும்ணே. நீங்க ஒருநாள் வந்து சொல்லுவீங்கன்னு சொல்லிக்கினே இருந்தாரு. கடைசி வாரம்கூட, வாசல்ல மோட்டார் சத்தம் கேட்டா நீங்கதானான்னு கேட்டாரு."

அங்கிருந்து நேராகக் கோட்டூருக்கு ஓட்டினேன். ஐயாவிடமும் அம்மாவிடமும் சொன்னேன். ஐயா பிள்ளைகளைக் கூப்பிட்டு, அன்று கைக்குழந்தையாக இருந்த பேரனையும் உட்கார வைத்து, "இவாளுக்கும் சொல்லு" என்றார். மறுபடி சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை, பாய். அம்மா அழுதார். "பதினோரு வருஷமா அவனைத்தானே சொல்லிண்டிருந்தேன்" என்றார்.

இப்போது அந்த வீட்டில் உன் பெயர் வந்தால் அம்மா கைகூப்புகிறார். என் பெயர் வந்தால் பேச்சு கொஞ்சம் நின்று போகிறது. வேலையிலிருந்து எடுக்கவில்லை, ஆனால் வண்டிச் சாவியைக் கொடுக்கும்போது ஐயா இப்போதெல்லாம் என் முகத்தைப் பார்ப்பதில்லை. கனமாகத்தான் இருக்கிறது. நீ இதை என்னோடு சேர்த்துப் பதினொரு வருஷம் தூக்கியிருக்கிறாய், ஒருநாள்கூட மூச்சு வாங்கவில்லை. இனி நானே தூக்குகிறேன், பாய். என்னுடையதுதானே.