கறள் பிடித்த டாங்கி

ஆடி 6, செவ்வாய்

சோழகக் காற்று இன்றும் ஓயவில்லை. சோற்றிலும் மணல்.

மச்சான் போய் இன்றோடு மூன்று நாள். ஞாயிறு விடியத் தனியே தூண்டிலுக்குப் போனவன். எஞ்சின் நின்றிருக்கும், காற்று வெளியே இழுத்திருக்கும் என்கிறார்கள். சங்கத்து வள்ளங்கள் இரண்டு நாள் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்தன. நேவிக்கும் சொல்லியாயிற்று. இனிக் காற்று விழுந்து கடல் அடங்கட்டுமாம்.

அவன் பெண்சாதி, என் தங்கச்சி மலர், வாசல் படலையில் நின்றாள். அழவில்லை. அதைத்தான் பார்க்க முடியவில்லை. எனக்கு வாய் சும்மா கிடக்காதே.

"என்ரை வள்ளத்தை இறக்கிறன். உன்ரை மனுசனைக் காதிலை பிடிச்சு இழுத்துக்கொண்டு வாறன்."

டீசல் தட்டுப்பாட்டுக்குள் கரையேற்றிய வள்ளம். அதற்குப் பிறகு எனக்கு வாய்தான் தொழில், கரையில் மீன் ஏலம் கூறுவது. மூடியிருந்த ஓலைக் கிடுகை விலக்கிப் பார்த்தேன். எஞ்சின் சுற்றுகிறது. டீசல் டாங்கிதான் நாசம். கையை விட்டால் மண்டி அரை விரல் ஆழம். துருவேறிக் கறள் அப்பளம் போல உடைந்து வருகிறது. கழற்றிக் கவிழ்த்தேன். பழைய டீசல், கோப்பி நிறத்தில் அரை வாளி.

வேண்டியது: பழப்புளி 2 கிலோ. வினாகிரி. பில்டர், புதுசு. கல்.

ஆடி 7, புதன்

காற்று அதே.

பழப்புளி கரைத்து, வினாகிரி ஊற்றி, கரையில் பொறுக்கிய கல்லும் சிப்பியும் நாலு சிரட்டை போட்டு மூடினேன். கல் உரசினால் கறள் விடும் என்று கணக்கு. டாங்கியைக் கட்டிப்பிடித்து ஆட்டினேன். டப்பென்று மூடி பறந்தது. நுரை பொங்கி முகம், மீசை, சறம் எல்லாம்.

பக்கத்து வளவு மேசன் யோகன் வேலியால் எட்டிப் பார்த்தான்.

"என்ன அண்ணை, சோடாக் கொம்பனி திறந்திட்டியளோ?"

"ஓம், வா. உனக்கு முதல் போத்தில் ஓசி."

"உது சுண்ணாம்புக் கல்லண்ணை. எங்கடை நிலம் முழுக்க உதுதானே. சிப்பியும் அப்பிடித்தான். புளி பட்டால் பொங்கும். புளிப்பும் போம், கல்லும் போம், கறள் அப்பிடியே கிடக்கும்."

கிடந்தது. அதற்கு மேல் வெள்ளைச் சேறு வேறு. பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவர் போல. ஒரு பகல் போய்விட்டது.

மச்சான் கொண்டுபோன தண்ணீர் இரண்டு போத்தில். நினைக்கக் கூடாது, நினைக்கக் கூடாது என்று அதையே நினைக்கிறேன்.

ஞாயிறு விடிய நான் அவனுக்குக் கடைசியாகச் சொன்னது: "அட்மிரல், கவனம், மீன் உம்மைப் பிடிச்சுப்போடும்." அவன் சிரித்துக்கொண்டு என் மேல் தண்ணீரை அள்ளி எறிந்தான்.

ஆடி 8, வியாழன்

றோட்டு வேலைக்கு வன்னியிலிருந்து வந்த கருங்கல் சல்லியில் ஒரு சட்டி யோகன் வாங்கித் தந்தான். கருங்கல்லைப் புளி ஒன்றும் செய்யாதாம்.

திரும்பவும் வினாகிரி. கடைக்காரி கேட்டாள், "உவ்வளவும் என்னத்துக்கு?"

"ஊறுகாய் போட. மச்சான் வந்தவுடனை அவனைத்தான் ஊறப்போடப் போறன்."

அவள் சிரிக்கவில்லை. நானும்.

ஆட்டினேன். தோள் கழன்றுவிட்டது. கறுப்பாய் வந்தது, பிறகு செம்மண்ணாய், பிறகு தேத்தண்ணி நிறம். "காணும் அண்ணை, இனி ஆட்டவேண்டாம்" என்றான் யோகன். இன்னும் ஒருமுறை என்றேன். பிறகும் ஒருமுறை. நல்ல தண்ணீரில் அலசி வெயிலில் வைத்தேன். பின்னேரம் பார்த்தால் உள்ளே திரும்பவும் மஞ்சளாய்க் கறள் பூத்திருக்கிறது. பார்த்ததும் எனக்கு ஒரு ஆறுதல் வந்தது. வரலாமா?

பொழுதுபட மலர் வந்தாள். ஒரு கையில் பிளாஸ்ரிக் கான், மறு கையில் ட்யூப்.

"அண்ணை, ஆஸ்பத்திரியிலை சேலைன் ஏத்துற மாதிரி, கானைத் தூக்கிக் கட்டி எஞ்சினுக்கு டீசல் விடேலாதோ? உந்த டாங்கி ஏன்?"

"அட, எஞ்சினியர் அம்மா!"

முகம் அசையவில்லை அவளுக்கு.

"காத்து விழுந்திட்டுது அண்ணை."

உண்மைதான், விழுந்துவிட்டது. நான்தான் குனிந்தபடி டாங்கியை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

கானின் சங்கதி எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமையே தெரியும். இருபது வருஷம் கடலுக்குப் போனவனுக்குத் தெரியாதா? போனால் அவனுடைய வள்ளம் வெறுமனே மிதப்பதை நான்தான் காண வேண்டும். கண்டால் வந்து மலருக்குச் சொல்ல வேண்டும். அதற்குப் பயந்து மூன்று நாள் கறள் கழுவினேன். கேட்டவர்களுக்கெல்லாம் "டாங்கி முடியேல்லை" என்றேன்.

ஆடி 9, வெள்ளி

விடிய ஐந்து மணி. கடல் எண்ணெய் பூசினது போல. மற்ற வள்ளங்கள் தேடிக் கிழக்கே போகின்றன. வடக்கு எனக்கு.

டீசல் 3 கான். ட்யூப். தண்ணீர், நிறைய. பாண், சம்பல். போர்வை. வெள்ளைத் துணி ஒன்று. எதற்கென்று எழுத மாட்டேன்.

கானைத் தூக்கிக் கட்டி எஞ்சினைச் சுற்றினேன். மூன்றாம் சுற்றில் பிடித்துவிட்டது. இனிச் சாட்டுச் சொல்லித் தப்ப ஒன்றும் இல்லை. டோச் லைற் எடுக்க வீட்டுக்கு வந்த இடத்தில் இதை எழுதுகிறேன்.

மலர் வள்ளத்தில் ஏறி இருக்கிறாள். எங்கள் கரையில் பெண்கள் கடலுக்குப் போவதில்லை. இறங்கு என்றேன். சனம் என்ன கதைக்கும் என்றேன்.

"நீங்கள் பாதியிலை திரும்பிடுவியள் அண்ணை. நான் இருந்தால் திரும்பமாட்டியள்."

போர்வையை எடுத்து அவள் மடியில் வைத்தேன்.

எஞ்சின் சத்தம் இங்கே வீடு வரைக்கும் கேட்கிறது. நிற்கவில்லை.