ஐம்பத்தொன்று, நாற்பத்தொன்பது

12.3.1987, பிரிக்பீல்ட்ஸ்

கிள்ளான் ஊர் மாப்பிள்ளைக்கும் எனக்கும் ஜாதகம் பொருந்திவிட்டதாம். இனி என் கிட்னி பொருந்தணுமாம்! என் அப்பா கிட்னி கெட்டுச் செத்தவர். "பொண்ணுக்கும் அது இருந்தா எங்க சீவரத்தினம் தலையிலதானே விடியும்?" மாப்பிள்ளையின் அப்பா கார்த்திகேசு அங்கிள் தரகர் கனகேஸ்வரி ஆன்டியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். அம்மாவும் தலையாட்டிவிட்டாள். மாடு வாங்குகிறவன்கூடப் பல்லைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வான்.

19.3.1987

ஸ்கேன் முடிந்தது. கத்தி இல்லை, தையல் இல்லை. கையில் ஓர் ஊசி, அதில் கொஞ்சம் கதிர் மருந்து, முதுகுப்பக்கம் பெரிய கேமரா. திரையில் புள்ளி புள்ளியாகச் சேர்ந்து ரெண்டு அவரைக்கொட்டை. டாக்டர் சொன்னார்: "வலி வர்றதுக்கு முன்னாடியே இது காட்டிக் கொடுத்துடும். ரெண்டும் சேர்ந்து செய்யற வேலை நூறு. உங்களுக்கு இடது ஐம்பத்தொண்ணு, வலது நாப்பத்தொம்பது. சரிபாதி. ஒரு குறையும் இல்லை."

வாசலிலேயே அழுதுவிட்டேன். அப்பாவுக்கு இந்த ஸ்கேன் கிடைக்காமல் போச்சே.

22.3.1987

முறிந்தது.

நம்ம ஆட்களுக்கு எந்த நம்பரைப் பார்த்தாலும் பரீட்சை மார்க்குதானே! "பாஸ் மார்க் ஐம்பது. ஒண்ணு ஜஸ்ட் பாஸ், இன்னொண்ணு ஃபெயில்" என்றாராம் கார்த்திகேசு அங்கிள். ஃபோனில் விளக்கினேன்.

"முப்பது வருஷம் கவர்மென்ட் ஆபீஸ்ல கணக்குப் பார்த்தவன். எனக்கே சொல்லித் தர்றியா?"

29.3.1987

கோவிலில் ஒருத்தி என் முகத்தை விட்டு இடுப்பைப் பார்த்துப் பேசுகிறாள். கட்டையில போறவ.

5.7.1987

சீவரத்தினத்துக்குப் பெட்டாலிங் ஜெயாவில் வேறு பெண் பார்த்திருக்கிறார்கள். அந்த வீட்டில், "அப்ப உங்க பையனும் ஸ்கேன் எடுக்கட்டும்" என்றுவிட்டார்களாம். அப்படிப் போடு!

இடது எண்பத்தெட்டு, வலது பன்னிரண்டு.

"எண்பத்தெட்டு! டிஸ்டிங்ஷன் லா!" என்கிறாள் கனகேஸ்வரி ஆன்டி. "சராசரி போட்டாலும் ஐம்பது, பாஸ்தான்." கல் அடைத்திருக்கும், உடனே வாங்க என்றாராம் டாக்டர். வலியே இல்லாத பையனுக்கு எதுக்கு என்று அங்கிள் கூட்டிப்போகவில்லையாம்.

என் சராசரியும் ஐம்பதுதானே? அதை யார் போட்டுப் பார்த்தார்கள்?

ஆனால் பன்னிரண்டு... ஐயோ, ஒரு பக்கம் செத்துக்கொண்டிருக்கிறது.

6.7.1987

ஃபோன் செய்தேன். "அங்கிள், பையனை உடனே டாக்டர்கிட்ட—"

"ஃபெயிலான பொண்ணு எங்க பையனுக்கு மார்க் போடுறியா? வெக்கமா இல்ல?"

"வாழ்த்துகள் அங்கிள். டிஸ்டிங்ஷன்." வைத்துவிட்டேன்.

பையனிடமே சொல்லலாம். அவன் ஆபீஸ் நம்பர் ஆன்டியிடம் இருக்கும். கேட்க மாட்டேன். மாட்டேன்னா மாட்டேன்.

7.7.1987

கேட்கவில்லை.

14.2.1988

ஆன்டி வந்தாள். சீவரத்தினத்துக்குச் சீழ் பிடித்து, வலது கிட்னியை வெட்டி எடுத்துவிட்டார்களாம். அன்றைக்கே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றாராம் டாக்டர். பெட்டாலிங் ஜெயாக்காரர்கள் கழன்றுகொண்டார்கள்.

"இப்ப அவங்களுக்கு உன் நினைப்பு வந்திருக்கு, புனிதவதி. உன்னோடது ரெண்டும் நல்ல கிட்னின்னு அங்கிளுக்கு இப்பத்தான் புரிஞ்சிருக்கு."

அம்மா என் முகத்தையே பார்த்தாள்.

"ஒரே கிட்னிதானே இப்ப அவருக்கு முழு வேலையும் செய்யுது? அப்ப நூத்துக்கு நூறு, ஆன்டி! ஃபெயிலான பொண்ணு அவருக்கு எப்படிப் பொருந்துவா?"

ஆன்டி டீயைக் குடிக்காமலே எழுந்து போனாள். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

சாப்பிடத்தான் முடியவில்லை. அந்த வீட்டில் சீவரத்தினம் மட்டும் என்னைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை.