வேலினி என்று ஒரு தடவை

புது டெல்லி,
வியாழக்கிழமை.

மதிப்புக்குரிய எழுத்தாளர் அஞ்சனாட்சி அம்மா அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்கிப் பழக்கம். ஆனால் உங்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று தெரியாமல் வாய்க்கு வந்ததைப் பேசி ஒரு தடவை பட்டாயிற்று. அதனால் நீங்கள் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று மட்டும் எழுதுகிறேன்.

நான் யார் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செல்போன் செயலியில் உங்கள் 'நிழல்மலைக் கோட்டை' தொடருக்குக் கீழே பூங்கோதை டெல்லி என்ற பெயரில் கருத்துப் போட்டவள் நான்தான். வேலினி வடக்கு வாசலைத் திறந்துவிட்டாள் என்று நீங்கள் எழுதிய அன்றைக்கு, உங்கள் கை அழுகிப் போகட்டும் என்று எழுதினேனே, அவள். அதோடு நிறுத்தினேனா பாவி? பிள்ளை பெற்றவளாக இருந்தால் இப்படி எழுத மனசு வந்திருக்குமா என்றும் கேட்டேன். அதைப் பார்த்து ஊரே சேர்ந்துகொண்டு உங்களைத் திட்டியது. நீங்கள் ஒரே வரிதான் பதில் போட்டீர்கள். எனக்குப் பிள்ளை இல்லை, நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம் என்று. அப்புறம் என்னை பிளாக் செய்துவிட்டீர்கள். செய்ய வேண்டியதுதான். அந்த வரியைப் படித்துவிட்டு, வேலை செய்கிற வீட்டு பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். போனில் உங்களிடம் வர வழியில்லை என்பதால்தான் இந்தக் காகிதம். உங்கள் விலாசத்தைக்கூட, அழைப்பிதழ் அனுப்ப வேண்டும் என்று பதிப்பகத்தில் பொய் சொல்லித்தான் வாங்கினேன்.

மன்னிப்புக் கேட்க மட்டும் எழுதியிருந்தால் என் மானம் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும். ஒரு உதவியும் கேட்கப் போகிறேன். திட்டிய வாயாலேயே கேட்கிறேன் பாருங்கள், என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

விஷயத்தைச் சொல்கிறேன். நாங்கள் கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே நாலைந்து குடிசைக் கேம்ப்களில் சிதறிக் கிடக்கிற ஆட்கள். பெண்கள் எல்லாரும் லோதி ரோடு பக்கம் அரசாங்கக் குவார்ட்டர்ஸ்களில் ஜாடு போச்சா என்கிற பெருக்கித் துடைக்கிற வேலை, பாத்திரம், சமையல் என்று ஓடுகிறவர்கள். காலை வேலை முடிந்து சாயங்கால வேலை தொடங்குமுன் நடுவில் கொஞ்சம் நேரம் கிடைக்கும். அப்போது குவார்ட்டர்ஸ் பார்க்கில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கையோடு கொண்டுவந்த சோற்றைச் சாப்பிடுவோம். எங்களில் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இங்கே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை போனேன். அதனால் உங்கள் தொடரை நான் உரக்கப் படிப்பேன், மற்றவர்கள் கேட்பார்கள்.

எப்படிக் கேட்பார்கள் தெரியுமா? நீங்கள் ஒருநாள் வந்து பார்த்திருக்க வேண்டும். மந்திரி ஏதாவது சூது பேசினால் எங்களில் மூத்தவள் பவுனு அக்கா, காலில் கிடக்கும் செருப்பைக் கையில் எடுத்துவிடுவாள். நிழல் திருடர்கள் வருகிற இடத்தில், பட்டப்பகலில், எல்லாரும் தங்கள் நிழல் இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொள்வார்கள். ராணியை யாருக்கும் பிடிக்காது. வேலினிக்குக் கோட்டைக்கு உள்ளே சோறு போடாமல் வாசலுக்கு வெளியே வைத்து அனுப்புகிறாளே, அது எங்கள் வேலை வீட்டுக்கார பாபி மாதிரியே இருக்கிறது என்று பவுனு அக்கா சொன்னாள். எங்களுக்கும் தனித் தட்டு, தனி டம்ளர்தானே.

வேலினி என்றால் உயிர். மூன்றாவதாகப் பெண் பிறந்துவிட்டது, அதுவும் நிழல் இல்லாமல் பிறந்துவிட்டது என்று மலையில் கொண்டுபோய்ப் போட்ட குழந்தை. அது வளர்ந்து, போட்டவர்களின் கோட்டைக்கே காவலாக வந்து நிற்கிறது. தனியாக ஒரு ராத்திரி முழுக்க வாசலைக் காத்தாளே, அந்த அத்தியாயம் படித்த அன்றைக்கு எல்லாரும் வேலைக்கு லேட். பவுனு அக்கா, யாருக்கும் கண் கலங்காத பொம்பளை, முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டே போனாள்.

பவுனு அக்காவின் மருமகள் மஹாலட்சுமி. அவளும் எங்களோடு உட்கார்ந்து கேட்பவள்தான், அப்போது நிறைமாசம். ஏற்கெனவே இரண்டு பெண். மூன்றாவதும் பெண்ணாகவே பிறந்தது. பவுனு அக்கா எங்கள் பக்கத்து வழக்கப்படி, இதோடு பெண் போதும் என்று சாமிக்குக் காது கேட்கிற மாதிரி, போதும்பொண்ணு என்று பேர் வைக்கச் சொல்லிவிட்டாள். மஹாலட்சுமியின் புருஷன் குணா, பெயிண்ட் வேலை செய்கிறான். நல்ல பையன்தான், ஆனால் அம்மா எதிரில் வாய் திறக்க மாட்டான்.

என்னால் தாங்க முடியவில்லை அம்மா. அந்தப் பேரோடு ஒரு பெண் வகுப்பில் எழுந்து உள்ளேன் ஐயா சொன்னால் மற்ற பிள்ளைகள் எப்படிச் சிரிக்கும், மாப்பிள்ளை வீட்டார் பேரைக் கேட்டுவிட்டு எப்படி ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. பவுனு அக்காவோடு மல்லுக்கு நின்றேன். உனக்கென்ன அக்கறை, பெத்தவளா நீ என்று கேட்டாள். அப்போதுதான் மஹாலட்சுமி, பச்சை உடம்போடு சுவரில் சாய்ந்திருந்தவள், என் பொண்ணுக்கு வேலினி என்று பேர் வையுங்கள் என்றாள். குரலே உயராத பெண் அவள். பவுனு அக்காவும், வேல் முருகனோடது, வாசலைக் காத்தவள் பேரு, சரி இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். முப்பதாம் நாள் குழந்தையின் காதில் மூன்று தடவை வேலினி என்று சொல்லியாயிற்று. எனக்குத்தான் பேர் வைத்த மாதிரி அன்றைக்கு நான் துள்ளிய துள்ளலைப் பார்க்க வேண்டுமே.

அதற்கு அடுத்த வாரம்தான் வேலினி உள்ளிருந்து தாழ்ப்பாளை எடுத்து, நிழல் திருடர்களைக் கோட்டைக்குள் விட்டாள் என்று நீங்கள் எழுதினீர்கள்.

பஸ்ஸில் நின்றுகொண்டு படித்தேன். இறங்க வேண்டிய இடம் போனதே தெரியவில்லை. அந்தக் கொதிப்பில்தான் உங்களைத் திட்டி எழுதினேன். மத்தியானம் பார்க்கில் எல்லாரும் சோற்று டப்பாவைத் திறந்துகொண்டு, ஜல்தி படி, ஜல்தி படி என்று அவசரப்படுத்துகிறார்கள். மடியில் குழந்தையோடு மஹாலட்சுமி முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். நான் என்ன செய்வேன்? போனைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, இல்லாததைப் படிக்க ஆரம்பித்தேன். வேலினி கதவைத் திறக்கவில்லை, மந்திரிதான் திறந்தான், வேலினிக்கு விஷ அம்பு பட்டுவிட்டது என்று.

பொய் ஒருநாளோடு நிற்குமா? தினமும் கேட்டார்கள், தினமும் அளந்தேன். கதை கட்டுவது இவ்வளவு கஷ்டம் என்று எனக்கு யார் சொன்னார்கள்? வேலினியை எழுப்பினால் என்ன செய்யச் சொல்வது என்று தெரியாமல் குகையில் காய்ச்சலோடே வாரக்கணக்கில் படுக்கப் போட்டிருந்தேன். ராணி தக்காளி அழுகியிருக்கிறது என்று சமையல்காரனைத் திட்டுவாள், ஏலக்காய் போட்ட சாயா கேட்பாள், அச்சா அச்சா என்று தலையாட்டுவாள். இந்த ராணி கொஞ்ச நாளாக நம்ம சந்துப் பொம்பளை மாதிரியே பேசுகிறாளே என்று பவுனு அக்கா ஒருநாள் சொன்னாள். எனக்குக் குப்பென்று வியர்த்துவிட்டது.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மஹாலட்சுமி தினமும் என்னைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, வேலினிக்குக் காய்ச்சல் விட்டதா என்பதுதான். சுக்குக் கஷாயம் கொடுக்கச் சொல்லேன் என்பாள். ஒரு வெள்ளிக்கிழமை அவள் மாரியம்மன் கோயிலில் எலுமிச்சம்பழ விளக்குப் போட்டுவிட்டு வந்தாள். யாருக்கு என்று கேட்டேன். குகையில் கிடக்கிறவளுக்குத்தான் என்றாள். அன்றைக்கு என்னால் சோறு தின்ன முடியவில்லை. படிப்பு தெரியாதவர்கள் என்னை நம்பித்தானே உட்கார்ந்திருந்தார்கள்? என்னை நம்பியவர்களையே ஏமாற்றிவிட்டு, கதவைத் திறந்தவள் துரோகி என்று உங்களுக்கு எழுதியிருக்கிறேன். நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது.

இப்போது எல்லாம் கழுத்துவரை வந்துவிட்டது. உங்கள் தொடர் புத்தகமாகிறது, வருகிற மாசம் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை கரோல் பாக் மண்டபத்தில் விழா, நீங்களும் வருகிறீர்கள் என்று தமிழ்க் குரூப்பில் செய்தி வந்தது. அதே வாரத்தில் ஊரிலிருந்து பவுனு அக்காவின் அண்ணன் மகள் போனில் பேசியிருக்கிறாள். நல்ல பேரு வைத்தீர்கள் போங்கள், அந்த வேலினிதானே கோட்டையைக் காட்டிக் கொடுத்தவள் என்று சிரித்திருக்கிறாள். பவுனு அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். ஆனால் பிறப்புச் சான்றிதழில் பேர் ஏற்றக் கிளம்பிய குணாவை நிறுத்திவிட்டாள். எழுதின அம்மாவே வருகிறார்களாமே, நேரில் கேட்டுக்கொள்கிறேன், அந்தப் பேருக்காரி நல்லவளா கெட்டவளா என்று. கெட்டவள் என்றால் முதலில் சொன்ன பேரையே எழுதிவிட்டு வா என்று சொல்லிவிட்டாள். மஹாலட்சுமி பாதி உயிராக இருக்கிறாள். நான் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை.

நாங்கள் விழாவுக்கு இருக்க மாட்டோம். சாயங்காலப் பாத்திரத்துக்குத் திரும்பிவிட வேண்டும். மத்தியானமே வந்து மண்டபத்து வாசலில் நிற்போம். எங்களை ஐந்து நிமிஷம் பார்ப்பீர்களா?

உங்களைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. பொய்யெல்லாம் நானே சொல்லித் தீர்த்துவிட்டேன். வருகிற திங்கட்கிழமை, பார்க்கில், நீங்கள் எழுதியது எதுவோ அதை அப்படியே அவர்களுக்குப் படித்துக் காட்டிவிடப் போகிறேன். அவர்கள் என்னைக் காறித் துப்பினாலும் சரி. போனில் இறக்கி வைத்திருந்த அந்த அத்தியாயத்தை நேற்றுத்தான் மறுபடி படித்தேன். தாழ்ப்பாளில் கை வைக்கும்போது, இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட உள்ளே வந்து உட்கார் என்று யாரும் சொல்லவில்லை என்று வேலினி நினைக்கிறாளே, அந்த வரி முதல் தடவை படித்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. அதுதான் என் பெரிய வெட்கம். அவள் செய்தது தப்பு. ஆனால் அவள் இடத்தில் நான் நின்றிருந்தால் நானும் திறந்திருப்பேன். அந்தக் கோபத்தை உங்கள் மேல் காட்டினேன்.

நீங்கள் பிளாக் செய்தபின் தொடர் எனக்குத் திறக்கவில்லை, அதனால் அதற்கப்புறம் அவள் என்ன ஆனாள் என்று எனக்குத் தெரியாது. வேறு பெயரில் வந்து படிக்கலாம், தைரியம் வரவில்லை.

பவுனு அக்கா கேட்டால் உங்களுக்கு உண்மை எதுவோ அதையே சொல்லுங்கள். அவள் கடுகடு என்று இருப்பாள், ஆனால் நியாயம் தெரிந்தவள். நான் கேட்பது ஒன்றுதான். குழந்தையை உங்கள் கையில் தருவார்கள். நான் எழுதியதை நினைத்து வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். நாலு மாசம் ஆகிறது, யார் தூக்கினாலும் சிரிக்கும். கையில் வாங்கி, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, வேலினி என்று ஒரு தடவை கூப்பிடுங்கள். அந்தப் பேரைப் பெற்றவர் நீங்கள். நீங்கள் கூப்பிட்டுவிட்டால் அதை அவளிடமிருந்து யாரும் பிடுங்க மாட்டார்கள்.

நான் தூரமாகத்தான் நிற்பேன். என்னைக் கூப்பிட வேண்டாம். வேலை வீட்டில் என்னைப் பூனம் என்பார்கள், அவர்கள் வாய்க்குச் சுலபம் என்று. பூங்கோதை நானே ஆசைப்பட்டு வைத்துக்கொண்டது. ஆதார் அட்டையில் இருப்பதைக் கீழே எழுதுகிறேன். உங்களிடம் இனி ஒரு பொய்யும் வேண்டாம்.

உங்கள் கைக்கு ஒரு குறையும் வராமல் இருக்க மாரியம்மனுக்கு விளக்குப் போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
தலை குனிந்து,
ஏ. போதும்பொண்ணு