சாஸ் தெறித்தால் இப்படியா இருக்கும்

கிழக்குத் தாம்பரம்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மிருதுளாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. பகவான் புண்ணியத்தில் அப்பாவும் நானும் இங்கே சௌக்கியம், நீ சௌக்கியமா என்று இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன். எப்போதும் சௌபாக்கியவதி மிருதுளா என்றுதான் ஆரம்பிப்பேன், இன்று அதை விட்டுவிட்டேன், மறதி இல்லை, கோபம். உன் மேல் இல்லை. வாட்ஸ்அப் இருக்கும்போது லெட்டர் எதற்கு என்பாய். உன் போனைக் கேஷவ் எடுத்துப் பார்ப்பான் என்று நீயே ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னாய், அதனால்தான் உன் ஆபீஸ் விலாசத்துக்குக் கூரியரில் அனுப்புகிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

கோடையில் டொராண்டோ வரும்போது மாப்பிள்ளை கேஷவுக்குப் பிடித்ததைச் செய்து போடலாம் என்று பாஸ்டா சாஸ் கிளாஸில் சேர்ந்தேன் இல்லையா, அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். செம்பாக்கத்தில் ஜான்சி என்ற பெண் தன் வீட்டு மாடியிலேயே நடத்துகிறாள், உன் வயதுதான் இருக்கும், தங்கமான பெண். முதல் நாள் தக்காளி சாஸ். பூண்டு வாசனைக்கே எழுந்து போகிற உன் அப்பாவோடு இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணினவள் பூண்டு உரித்தேன் என்றால் பார்த்துக்கொள். நுரை கட்டினதும் ரசத்தை இறக்குகிற பழக்கத்தில் சாஸையும் இறக்கிவிட்டேன், ஜான்சி விழுந்து விழுந்து சிரித்து, இது நல்லா சுண்டணும் மாமி என்று திரும்ப அடுப்பில் ஏற்றினாள். சுண்டச் சுண்ட அது குபுக் குபுக்கென்று துள்ளுகிறது, மூடாமல் குனிந்தேன், முழங்கை வரை தெறித்துக் கடுகு கடுகாய்க் கொப்பளித்துவிட்டது. அவள் கையிலும் ஒரு தழும்பு இருந்தது, நீளமாக. இதுவும் சாஸ் தெறிச்சதுதான் மாமி என்றாள். நானும் நம்பினேன், மண்டு.

போன வியாழக்கிழமை நாங்கள் அடுப்படியில் இருக்கும்போது அவள் புருஷன் அசரியா மாடியேறி வந்தான். மறைமலை நகரில் ஏதோ கம்பெனியில் சூப்பர்வைசர், குடிகாரன் இல்லை, சட்டையில் மடிப்புக் கலையவில்லை, எங்களுக்கு குட்மார்னிங் வேறு சொன்னான். கையெல்லாம் எண்ணெயாக இருந்ததால் அவன் போனை அவள் எடுக்கவில்லை, அவ்வளவுதான் அவள் செய்த குற்றம். தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக் கிரானைட் மேடையில் மோதினான், அவள் கத்தக் கத்த மறுபடியும் மோதினான், பல் உடைந்து நறுக்கி வைத்த தக்காளியில் விழுந்தது, எது ரத்தம் எது தக்காளி என்று தெரியவில்லையடி. என்னோடு கிளாஸுக்கு வருகிற ரத்தினபாய், புருஷன் பொண்டாட்டி சண்டை மாமி, நடுவுல போகாதீங்க என்று என் புடவையைப் பிடித்து இழுக்கிறாள். அதற்குள் அடுப்பில் சாய்த்து வைத்திருந்த இரும்புக் கரண்டியை எடுத்து, தீயில் காய்ந்திருந்த அதன் காம்பை ஜான்சி கையில் வைத்து அழுத்தினான். பொசுங்குகிற வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. எனக்கு எங்கிருந்து பலம் வந்ததோ, கொதிக்கிற சாஸைச் சட்டியோடு தூக்கி அவன் மூஞ்சியில் கொட்டினேன். அலறிக்கொண்டு உட்கார்ந்தான். காலிச் சட்டியால் மண்டையில் ஒன்று போட்டேன், எழுந்திருக்கப் பார்த்தான், இன்னொன்று போட்டேன். பாவம் புண்ணியம் ஒன்றும் தோன்றவில்லை, கொன்றுவிட வேண்டும் என்றுதான் தோன்றியது. ரத்தினபாய்தான் சட்டியைப் பிடுங்கினாள்.

ஜான்சி தையல் போட்டுக்கொண்டு அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். அவன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், மூஞ்சியும் கழுத்தும் புள்ளியும் திட்டுமாக வெந்திருக்கிறது, நன்றாக வேண்டும். ஸ்டேஷனில் அந்தப் பெண் போலீஸ், இன்னா மாமி, பாத்தா கோயில் குருக்கள் வூட்டம்மா மாதிரி கீறீங்க, ஆளையே வேகவெச்சிட்டீங்களே என்று கேட்டுவிட்டு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாள். என் மேல் கேஸ் போட்டிருக்கிறார்கள், முடிகிற வரை நான் ஊரை விட்டுப் போகக் கூடாதாம்.

இப்போது என் வயிற்றெரிச்சலைக் கேள். பொங்கல் அன்று வீடியோவில் ஸ்வெட்டர் விலகினபோது உன் கையில் நீளமாக ஒரு தழும்பைப் பார்த்தேன். சாஸ் தெறிச்சுடுத்தும்மா என்றாய். சாஸ் தெறித்தால் என் கை மாதிரி இருக்கும். மேலே கொட்டினால் அந்தக் கட்டையில் போகிறவன் மூஞ்சி மாதிரி இருக்கும். உன் கை ஜான்சியின் கை மாதிரி இருக்கிறது மிருதுளா.

அப்பாவிடம் சொன்னேன். கோடைக்கு எடுத்த டிக்கெட்டை அடுத்த வாரத்துக்கு மாற்றிக்கொண்டு வந்து நின்றார். நான் வர முடியாது, அவர் வருகிறார், அடுத்த வாரம் வியாழக்கிழமை மத்தியானம் உன் ஆபீஸ் வாசலில் நிற்பார். அன்று பாஸ்போர்ட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போ, நகை துணி எதையும் தொடாதே. ஒரு நிமிஷம் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று மட்டும் கிளம்பிவிடாதே. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று யோசிக்காதே, அந்த நாலு பேருக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், சட்டி இன்னும் இருக்கிறது.

தீர்க்க சுமங்கலியாக இரு என்று முடிப்பதுதான் வழக்கம். அது கேஷவ் ஆயுசுக்குச் செய்கிற ஆசீர்வாதம், அவனுக்குக் கொடுக்க என்னிடம் இனி ஒன்றும் இல்லை. நீ தீர்க்காயுசாக இரு, என் கண்ணே. பாஸ்போர்ட்டை மறக்காதே.

இப்படிக்கு,
வாசலைத் திறந்து வைத்திருக்கும் உன் அம்மா
அபிதகுஜாம்பாள்