ரெனே என்ற பெயரில் இரண்டு பேர்

என் அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் போய் மூன்று வருடம் கழித்து நான் எழுதும் முதல் கடிதம் இது. கோபமாகத்தான் எழுதுகிறேன். ஆனாலும் இதைச் சொல்ல உங்களை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

நம் ஊர் போலகத்துப் பள்ளிக்கூடத்தில் என் பெயரைச் சொல்லவே கூசுவேன். வகுப்பெல்லாம் செல்விகளும் வசந்தாக்களுமாக இருக்க, நான் மட்டும் ரெனே. தெருவில் அது ரேணுவாகிவிட்டது. அழுதுகொண்டு வந்தால் பக்கத்தில் உட்கார்த்திச் சொல்வீர்கள்: "மறுபடி பொறந்தவள்னு அர்த்தம்மா. பிரான்சுல பட்டாளத்துல இருந்தப்ப அந்தப் பேருல ஒரு நர்சம்மா இருந்தாங்க. கேட்டு மனசுல வச்சிருந்தேன். எங்கம்மாதான் ஒன் உருவத்துல வந்திருக்கா."

அப்பாயியின் பெயரையே வைத்திருக்கலாம். ஆனால் மாமியார் பெயரை அம்மா வாயால் சொல்ல மாட்டாள். பிறகு பிள்ளையை எப்படிக் கூப்பிடுவாள்? அதற்குத்தான் இந்தப் பிரெஞ்சுப் பெயர் என்று உறவெல்லாம் உங்கள் சாமர்த்தியத்தை மெச்சியது. நானும் நம்பினேன்.

போன மாதம் உங்கள் பேத்தி மீனாவின் பிரெஞ்சு பாஸ்போர்ட்டுக்காகப் பாண்டிச்சேரி போனோம். படித்தால் பிரான்சில்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அவளுக்குப் பதினெட்டு முடிய இரண்டே மாதம். உங்கள் பிரெஞ்சுக் குடியுரிமை என் வழியாகத்தான் அவளுக்குப் போக வேண்டும்; அதற்குள் என்னுடைய குடியுரிமைத் தாள் சரியானால்தான் அவளுக்கு வழி. பிரெஞ்சுத் தூதரக அலுவலகத்தில் பெண் அதிகாரி பழைய பதிவேட்டைப் புரட்டிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இந்தப் பேர்ல பொறந்த கொழந்தை பதினாலு மாசத்துலயே இறந்துடுச்சும்மா. நீங்க யாரு?"

எனக்கு முன்னால் ஓர் அக்கா பிறந்து காய்ச்சலில் போனது தெரியும். அவள் பெயரும் ரெனே என்று யாருமே சொன்னதில்லையே! அப்பாயி இறந்த மாதம் பிறந்தவள் அவள். அவளுக்கு வைத்த பெயரைத்தான் எனக்கும் வைத்தீர்கள். பெயர் ஒன்றுதானே என்று அவளுடைய பிறப்புத் தாளையே எனக்கும் வைத்துக்கொண்டீர்கள். என் பிறப்பை எங்கேயும் பதியவில்லை. அவள் சாவைப் பதிந்ததுகூடப் பெரியப்பாதான். அவர் கையெழுத்து இருந்தது. ஏன் அப்பா? அவள் போகவே இல்லை என்று நினைத்துக்கொண்டீர்களா?

மனு எழுதித் தரும் பக்கிரிசாமியிடம் ஓடினேன். "இதெல்லாம் ஒரு விசயமாக்கா? சாவுப் பதிவு தப்பு, கொழந்த பொழச்சிக்கிச்சுன்னு எழுதிடுவோம். ஒங்கம்மாவ வந்து ஒரே பொண்ணுதான்னு சொல்லச் சொல்லுங்க, முடிஞ்சிச்சு" என்றார். உண்மையைச் சொன்னால் என் பிறப்பைப் புதிதாகப் பதியக் கோர்ட் உத்தரவு வேண்டும். அது எத்தனை மாதம் இழுக்குமோ. நான் சரி என்றேன். மூன்று நாள் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

போன திங்கட்கிழமை மறுபடி அதே மேசை முன்னால் நின்றோம். மீனா என் கையைப் பிடித்திருந்தாள்.

"ஒங்களுக்கு எத்தன பொம்பளப் புள்ளைங்கம்மா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் கண்ணாலேயே அதட்டினேன். ஆமாம் அப்பா, பெற்ற தாயை அதட்டினேன்.

"ஒண்ணுதாங்க" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதிகாரி என்னிடம் பேனாவை நீட்டினார். கையெழுத்துப் போட்டால் மீனாவுக்கு வழி திறக்கும். போட்டால் அம்மா சுமந்து பெற்ற ஒரு பிள்ளை இருந்ததே இல்லை என்றாகிவிடும். மீனாவின் பிடி இறுகியது. நான் அம்மாவைப் பார்த்தேன்.

"இல்லீங்க. எனக்காகப் பொய் சொல்றாங்க. அவுங்க பெத்தது ரெண்டு. இந்தத் தாளு எங்க அக்காவோடது."

அம்மா அங்கேயே உட்கார்ந்து உரக்க அழுதாள். நாற்பது வருடமாக அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

காரைக்கால் வந்து இறங்கியதும் மீனா எனக்கு முன்னால் தனியாக நடந்து போய்விட்டாள். நேற்று அம்மாவிடம் போய், "பெரியம்மா யாரு சாடை ஆயா?" என்று கேட்டாள். என்னோடு இன்னும் பேசவில்லை. அவள் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனா அப்பா? நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

கோர்ட்டுக்குக் கொடுக்கும் மனு என் முன்னால் இருக்கிறது. "புதுசாப் பதியிறதுதானே, ரேணுகான்னு போட்டுக்குங்கக்கா, பின்னாடி கொழப்பம் வராது" என்கிறார் பக்கிரிசாமி. பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விட்டுத் தந்திருக்கிறார்.

கோபம் தீரவில்லை. ஆனால் ஒன்று உறுதி சொல்கிறேன். அக்காவின் தாளை இனி நான் தொட மாட்டேன். இந்த இடத்தில் ரெனே என்றுதான் எழுதப்போகிறேன். யாரோ திரும்பி வந்ததாக இல்லை அப்பா, நான் பிறந்ததாக.

உங்கள் இரண்டாவது மகள்,
ரெனே